கவிழ்த்துப் போட இரண்டு பேர்

ஜெயமணி பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. நான்கு விரல் அகலம், முழ நீளம். அதற்கு மேல் போனால் புண்ணுக்குள் மடிந்து உறுத்தும். கிழித்த துண்டுகளைக் கொதிக்கும் குண்டானில் போட்டுக் கரண்டிக் காம்பால் அமுக்கினாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் பாஸ்கரன் குப்புறப் படுத்திருந்தான். நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, தலைமாட்டில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் நோட்டு. எழுதிக்கொண்டிருந்தான்.

இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன், 1986இல், நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவனை ஜூஜூவாடிக்குப் பக்கத்தில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போனது. பெங்களூரில் நாலு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும்போதே முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண்ணும் கூட வந்தது.

அங்கிருந்த நர்ஸ் ஜெயமணியைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தாள்: "மல்லாக்கவே விட்டா புண்ணு உள்ள தின்னுக்கிட்டே போயி எலும்புக்கு வந்துடும். எலும்புக்கு வந்தா ஆளு இருக்க மாட்டாரு. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குப்புறப் போடணும். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் போடணும். ஒருத்தரால ஆகாது."

பாஸ்கரன் ஆறடி ஆள். ஜெயமணி அவன் தோளுக்குத்தான் வருவாள். அந்த இரண்டாவது ஆளாக வந்தவன் நசருல்லா. பாகலூர் ரோட்டில் பஞ்சு மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தான். காலை ஆறு மணிக்குக் கடை திறக்குமுன் ஒரு தடவை, மாலை ஆறு மணிக்குக் கடை சாத்திவிட்டு ஒரு தடவை வருவான். மயிரில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, "ம், அண்ணி" என்பான். அவள் தொடைக்கு அடியில் கை கொடுப்பாள். ஒரே மூச்சு. பாஸ்கரன் காற்றில் திரும்பிக் குப்புற இறங்குவான். திரும்ப மல்லாக்க விட அவள் ஒருத்தியே போதும், ஒருக்களித்து விட்டால் பாரமே இழுத்துக்கொள்ளும். மூன்று வருஷத்தில் நசருல்லா வராத நாள் என்று அவளுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று, அவன் தாய் மவுத்தான அன்று. அன்றைக்கும் மாலையில் வந்துவிட்டான்.

உள்ளங்கை அகலமாக இருந்த புண் இப்போது எட்டணாக் காசளவுக்குச் சுருங்கியிருந்தது.

பாஸ்கரன் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1977இல் ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தான். அப்போது நசருல்லாவின் கடைக்கு மேலே ஒரு அறையில் குடியிருந்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் அந்த அறைதான். கல்யாணத்துக்கு மெத்தை, தலையணை எல்லாம் நசருல்லா தைத்துக் கொடுத்ததுதான். ஜெயமணி தருமபுரிப் பெண், எட்டாவது வரை படித்தவள். ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் பாஸ்கரன் பேச்சை மாற்றிவிடுவான். கெட்ட பழக்கம் கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவளும் இதுதான் நம் தலையில் எழுதிய ஆம்பிளை என்று இருந்துவிட்டாள்.

கொதித்த துணியை அவள் பிழிந்துகொண்டிருக்கும்போது வாசலில் திம்மராயன் சாரின் சைக்கிள் நின்றது. பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், மேடையில் சுத்தத் தமிழ். கம்பெனி ஆட்களும் வாத்தியார்களும் சேர்ந்து, ஒரு வாசகர் சங்கம் வைத்து நடத்தும் 'சாணைக்கல்' என்ற கையெழுத்துப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. அது இருபத்தாறு வீடுகளுக்கு வரிசையாகப் போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்தவர்கள் பின்னால் விட்டிருக்கும் வெள்ளைத் தாளில் தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை ஆண்டு விழா. உங்க தொடர்கதை பதினாலு மாசமும் ஒண்ணாச் சேத்துப் பைண்டு பண்ணியாச்சு. நீங்க வந்து வாசகர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லி அறிமுகம் பண்ணணும்" என்றார்.

"என் தொடர்கதையா?"

"ஆமாம்மா. ஜெயமணின்னு போட்டிருக்கே! என்ன அடக்கம் பாரு! நம்ம சங்க வழக்கம் தெரியுமில்ல, மேடையில படிக்கிறத எழுதிக் கொண்டாந்துடுங்க. படிச்சு முடிச்சதும் வாங்கி முதல் பக்கத்துல ஒட்டிடுவோம்."

அவர் போன பிறகு ஜெயமணி ஈரத் துணியோடு உள்ளே வந்து நின்றாள். பாஸ்கரன் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஊருல எழுதுறவங்க பாதிப் பேரு பொண்டாட்டி பேருலதான் எழுதுறாக" என்றான். "ஒம் பேருல போட்டா என்னைய யாரும் தேடமாட்டாகன்னு நெனச்சேன்."

"என்னைத் தேடுவாங்கல்ல?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவன் என்ன எழுதுகிறான் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. பீ மூத்திரம் அள்ளி, தையல் மிஷினில் நாலு ஜாக்கெட் தைத்து, சோறாக்கி இறக்குகிறவளுக்குக் கதை படிக்க ஏது நேரம்? மாதம் ஒரு தடவை நசருல்லா எழுதிய தாள்களை மடித்து எடுத்துப்போய்த் திம்மராயனிடம் கொடுப்பான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மேடை ஏறச் சொன்ன பிறகுதான் பைண்டு செய்த புத்தகத்தைத் தெருப் பையன் ஒருவனிடம் வாங்கி வரச்சொல்லி, நான்கு நாள், மிஷினை மூடிவைத்துவிட்டுப் படித்தாள்.

இரண்டு ஆண்கள், ஒரு மாடி அறை. ஒருவன் லேத்தில் வேலை, இன்னொருவன் கீழே டீக்கடை. ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இருவரும் பேரிகைச் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்புகிறார்கள். பஸ்ஸில் ஒருவன் மற்றவன் விரலைப் பிடித்துக்கொண்டே வருகிறான், இறங்கும்போதுதான் விடுகிறான். ஜெயமணி அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவை படித்தாள். தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைக் காணோம் என்று மண்டபத்தில் தேடியது அவளுக்கு நினைவிருந்தது.

பின்னால் வெள்ளைத் தாள்களில் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 'நட்புக்கு இலக்கணம் வகுத்த சகோதரிக்கு நன்றி.' 'இப்படி ஒரு நண்பன் எனக்கு இல்லையே என்று அழுதேன்.' 'ஆண்களின் தூய நட்பை ஒரு பெண் உணர்ந்து எழுதியது வியப்பு.' இருபத்தாறு வீட்டில் ஒரு வீட்டுக்குக்கூடப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மாலை நசருல்லா தூக்கிப் போட்டுவிட்டுப் போன பிறகு, பாஸ்கரன் ஒரு தாளை நீட்டினான்.

"நாளைக்கு இதைப் படி."

நின்றபடியே படித்தாள். மடித்தாள்.

"இவ்வளவு நாளா எனக்குத் தெரியல" என்றாள். "மாடு மாதிரி இருந்திருக்கேன்."

"ஒனக்குச் செஞ்சது அநியாயம். அதை நான் இல்லைங்கல."

"அதை அப்புறம் பேசிக்கலாம். ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு நாள்ல கெட்டுப்போயிடாது. இதைப் படிச்சா நாளான்னைக்கு உங்களை யாரு தூக்குறது? அதைச் சொல்லுங்க. உங்க வாசகருங்க வருவாங்களா, இருபத்தாறு பேரும் வரிசையா, வீட்டுக்கு ரெண்டு நாள்னு?"

"நட்புங்கறாகடி!" பாஸ்கரன் தலையணையைக் குத்தினான். "பதினாலு மாசம் எலும்பை உருக்கி எழுதியிருக்கேன், அத்தனை பேரும் நட்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். நான் செத்தாலும் அதையேதான் சொல்லுவான். என் வாயால ஒரு தடவை சொல்லிட்டுப் போறேன்."

"உங்க வாயாலயா? என் வாயாலல்ல சொல்லச் சொல்றீங்க."



மறுநாள் காலை ஆறு மணிக்கு நசருல்லா வந்தான். பனியில் மப்ளர் சுற்றியிருந்தான். தூக்கிப் போட்டு முடித்ததும் ஜெயமணி அவனைப் பின்பக்கம் குழாயடிக்கு அழைத்தாள்.

"பாய், கதையைப் படிச்சேன்."

அவன் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். தண்ணீர் வீணாக ஓடியது. அவள்தான் குழாயைத் திருகி மூடினாள்.

"இன்னைக்கு ஒரு காயிதம் குடுத்து மேடையில படிக்கச் சொல்றாரு. உங்க பேரு இல்ல. ஆனா கடைசியில ஒரு வரி இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"நா என்னாத்த சொல்றது அண்ணி." நுரையை உதறினான். "பஸ்ஸுல வந்ததை எழுதாதடான்னு கெஞ்சினேன். எழுதிட்டான். அவனுக்கு இருக்கறது அந்த ஒண்ணுதான். நா ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன்." ஈரக் கையைக் கைலியில் துடைத்தான். "உங்க மூஞ்சியப் பாக்கத்தான் கூச்சமா கீது."

"கூச்சத்தை விட்டுட்டு சாயங்காலம் வாங்க" என்றாள்.

விழாவுக்கு அவள் போகிற வழியில் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண் எடுக்காமல், "என்னடி ஜெயமணி, மெத்தைக்காரரு இன்னைக்குக் குழாயடி வரைக்கும் வந்துட்டாரு? புருஷன் கவுந்து படுத்திருந்தா நல்ல வசதிதான்" என்றாள். மூன்று வருஷமாகத் தெரு முழுக்கச் சொல்லி வந்ததை இன்றைக்கு நேரிலேயே சொல்லிவிட்டாள். ஜெயமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அவள் முடிவு செய்திருந்தது இதுதான்: தாளைப் படிக்கப் போவதில்லை. எல்லாருக்கும் வணக்கம், உடம்புக்கு முடியாதவர் காத்திருக்கிறார், நன்றி. உட்கார்ந்துவிடுவது. தாள் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். திம்மராயன் அரைமணி நேரம் நட்பைப் பற்றிப் பேசினார். "படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனைப் பேணிக்கொண்டே இப்படி ஒரு காவியம் படைத்த சகோதரி" என்று சொல்லி அவள் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள். அது நைலான் துணி, கழுத்தை அறுத்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"அம்மா, அந்த டீக்கடைக்காரப் பையனுக்குக் கடைசி வரைக்கும் ஒரு கல்யாணம் காச்சி பண்ணாம விட்டுட்டீங்களே! அடுத்த பாகத்துல நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டி வெச்சுடுங்க. இல்லாட்டி அவன் ஏன் அந்த வீட்டுக்கே நடையா நடக்கறான்னு ஊர் நாலு பேசும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயமணியைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

 தான் ஆக்காத சோற்றுக்கு உப்பு ஏன் கம்மி என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? பதில் இருந்த இடம் அந்தத் தாள்தான். இந்த ஆட்கள் பதினாலு மாதம் படித்தும் புரியாதவர்கள், ஒரு பக்கத்திலா புரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் தாளை எடுத்துவிட்டாள். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள்.

"இந்தக் கதையை எழுதியது ஜெயமணி அல்ல. அவர் என் மனைவி. அவர் பெயரைக் கேளாமல் எடுத்துக்கொண்டேன். எழுதியவன் பாஸ்கரன், பிட்டர். இதில் வரும் இருவரும் நண்பர்கள் என்று நீங்கள் பாராட்டியிருக்கிறீர்கள். அவர்கள் நண்பர்கள் அல்ல. கணவனும் மனைவியும் எப்படி ஒருவரையொருவர் விரும்புவார்களோ அப்படி விரும்பியவர்கள். நான் இதை மறைத்து எழுதவில்லை. நீங்கள்தான் மறைத்துப் படித்தீர்கள். இப்படிப்பட்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்களோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டவன், உங்கள் வீட்டு விசேஷத்தில் இலை போட்டவன் இதை எழுதியிருக்கிறான். இனி இந்தக் கதையை முதலிலிருந்து ஒரு தடவை படியுங்கள்."

கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். 'இன்றும் அவர் காலையும் மாலையும் வந்து என்னைத் தூக்குகிறார்.' அதை விழுங்கிவிட்டு, "அவ்வளவுதாங்க" என்றாள்.

அவள் நினைத்தது தப்பு. அந்த ஒரு பக்கம் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.  பின்னாலிருந்து ஒருவன் ஹூ என்று ஊளையிட்டான். திம்மராயன் முகம் வெளிறிப்போய், வேறென்ன செய்வதென்று தெரியாமல், வருஷா வருஷம் செய்வதைச் செய்தார். கையை நீட்டினார். மருந்துச் சீட்டைக் கம்பவுண்டரிடம் நீட்டிப் பழகிய கை அவளுடையது. தாளைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் உறைத்தது. "சார், அதைக் குடுங்க" என்றாள். அதற்குள் அவர் கடைசி வரிக்குப் போய்விட்டார். "அய்யோ தேவுடா" என்றார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார். தாள் ஒரு கை மாறி, இன்னொரு கை மாறி, வரிசை வரிசையாகப் போனது.

"காலையும் சாயங்காலமும் யாருப்பா வர்றது?"

"மெத்தைக்கடை பாய்தான், வேற யாரு."

அவள் இறங்கி நடந்தாள். விலகி வழி விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடியே பாஸ்கரனிடம் சொன்னாள். தாளைக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. "அந்த வரியை நான் படிக்கல. ஆனா என் கையாலயே குடுத்துட்டேன்." முதலில், அவள் மேடையில் படித்தது வரைக்கும்தான் அவன் காதில் விழுந்தது போலிருந்தது. "ஏதாச்சும் கேட்டாகளா?" என்றான். பிறகுதான் மீதி புரிந்து முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. ஏழுக்குச் சற்று முன்பு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நசருல்லாவின் அண்ணன் அக்பர் பாஷா. உள்ளே வரவில்லை.

"அவன் இனிமே வரமாட்டான்மா. அஞ்சு மணி ஜவளகிரி பஸ்ஸுல ஏத்தி எங்க சித்தப்பா வூட்டுக்கு அனுப்பிட்டோம்."

"பாய், அவரு வர்றது தூக்கிப் போட மட்டும்தான். இவருக்குப் புண்ணு..."

"தெரியும்மா. மூணு வருஷம் வந்தான், நா ஒரு வார்த்தை கேட்டனா?" அவர் குரல் உயரவேயில்லை. "எனக்கு மூணு பொண்ணுங்க. பெரியவளுக்கு ஆம்பூர்ல பேசி வெச்சிருக்கேன். இன்னைக்கு அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போறேன், எனக்கு முன்னாடி சேதி அங்க போயி உக்காந்திருக்கு. நா என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. திட்டியும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

அவர் போனதும் உள்ளிருந்து பாஸ்கரன் கேட்டான்: "அவன் எதும் சொல்லிவிட்டானா?"

"இல்ல."

ஜெயமணி தனியாகத் தூக்கிப் பார்த்தாள். தோளைத் தூக்கினால் இடுப்பு வரவில்லை. இடுப்பைத் தூக்கினால் விரிப்பில் தேய்ந்தது. இரண்டாவது தடவையில் எங்கோ தோல் இழுபடும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டாள். ஒரு பக்கமாகச் சாய்த்துத் தலையணை முட்டுக் கொடுத்தாள். பாரம் அவனை மறுபடி மல்லாக்கத் தள்ளியது.

திங்கட்கிழமை விடிந்ததும் புண்ணைப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்குப் புதிதாகத் தோல் உரிந்திருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பாஸ்கரனிடம் அதைச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு நேராகச் சென்னம்மாள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

சென்னம்மாள் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். ஜெயமணியைக் கண்டதும் முகம் ஒரு மாதிரியானது. "ஏண்டி, நேத்து என்னென்னமோ சொல்லிக்கிறாங்களே. நான் உன்னையில்ல தப்பா..."

"அதை அப்புறம் பேசலாம் சென்னம்மாக்கா. கையில வளையலைக் கழட்டிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. தொடையை நீ புடிக்கணும், மேல்பக்கம் நான் புடிச்சுக்கறேன்."

"நானா? ஆம்பளை உடம்பையா? அதுவும் அந்த..."

"புண்ணு கறுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் நாலு நாள் விட்டா பாடையைத்தான் புடிக்கணும். அதுக்கு வருவேல்ல? இதுக்கு வா."

சென்னம்மாள் நின்றாள். பிறகு வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்தாள். வந்தாள். பாஸ்கரன் முகத்தைப் பார்க்காமல், மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு, ஜெயமணி காட்டிய இடத்தில் கை கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் தடவை இருவர் மூச்சும் சேரவில்லை. கால்வாசி தூக்கிக் கீழே வைத்தார்கள். இரண்டாவது தடவை ஜெயமணி "ம்" என்றாள். அவன் திரும்பினான். கோணலாகத்தான் விழுந்தான், ஆனால் தேயவில்லை.

ஜெயமணி புண்ணைக் கழுவி, கறுத்த இடத்தைக் கத்தரியால் கொஞ்சம் எடுத்து, துணியை அடைத்துக் கட்டினாள். நெஞ்சுக்கு அடியில் தலையணையை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் நோட்டைக் கேட்கவில்லை, அவளும் எடுத்து வைக்கவில்லை.

சென்னம்மாள் குழாயடியில் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டாள்.

"சாயங்காலமும் வரணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஆறு மணிக்கு" என்றாள் ஜெயமணி.